வெற்றிக் கேடயம் அல்ல ஒரு கவிஞன்

கவிஞர் ஒருவருக்கு அவர் இறந்தபின் இழைக்கப்படும் அநீதிகள் இரண்டு உண்டு. அவரைப் படியாமலே சிறியவர் என்று ஒதுக்கிவிடுவது ஒன்று. அவரைப் படியாமலே 'இவர் நம்மவர்' என்று தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவது மற்றொன்று. முதலாவதைப் பெரும்பாலும் பிறர் செய்கிறார்கள். இரண்டாவதை நாம் செய்கிறோம். ஸ்காட்லாந்துக் கவிஞர் ஜார்ஜ் மக்காய் பிரவுனுக்கு இவ்விரண்டு அநீதிகளும் நேர்ந்துள்ளன. இரண்டையும் மறுத்து எழுதவே இங்கு முனைகிறோம். எனினும் முதலாவதைவிட இரண்டாவதே நம் மனத்தை அதிகம் உறுத்துகிறது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நேர்மை.

அண்மையில் நண்பர் குழு ஒன்றில் இலக்கியம் பற்றிய உரையாடல் எழுந்தது. கத்தோலிக்க எழுத்தாளர்களின் பட்டியல் ஒன்றை ஒருவர் ஆர்வத்தோடு அடுக்கினார். நியூமன், ஹாப்கின்ஸ், செஸ்டர்ட்டன், கிரஹாம் கிரீன் என்று வந்த வரிசையின் ஈற்றில் மக்காய் பிரவுனின் பெயரும் இடம்பெற்றது. "இவரும் பிரஸ்பிட்டேரியன் சபையிலிருந்து நம்மிடம் வந்தவர்தாம்" என்று அவர் பெருமிதத்தோடு கூறினார். "அவருடைய நூல்களுள் எதைப் படித்தீர்கள்?" என்று கேட்டோம். விடை வரவில்லை. பெயர் மட்டும் போதுமாக இருந்தது. போட்டியில் வென்று வந்த கேடயத்தைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பூட்டுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

ஆகவே, முதலில் அந்த மனிதரைப் பார்ப்போம்.

ஸ்காட்லாந்தின் வடமுனைக்கு அப்பால், கடலில் சிதறிக் கிடக்கும் எழுபது அளவிலான தீவுகளே ஆர்க்னித் தீவுகள். அவற்றுள் மக்கள் வாழ்பவை ஏறத்தாழ இருபது. 1468ஆம் ஆண்டு வரை அவை ஸ்காட்லாந்துக்கு உரியனவாக இருக்கவில்லை. டென்மார்க்-நார்வே மன்னர் தம் மகளின் சீதனத்துக்கு ஈடாக அவற்றை அவ்வாண்டில் அடகு வைத்தார். மீட்கப்படாத அடகுப் பொருளாக அவை ஸ்காட்லாந்திடமே தங்கிவிட்டன. அத்தீவுகளின் மேற்கே, கடலை ஒட்டி நீளும் கல்வீடுகளின் சிற்றூர் ஸ்ட்ரோம்னஸ். அங்கு 1921 அக்டோபர் 17ஆம் நாள் மக்காய் பிரவுன் பிறந்தார். தந்தை தையற்காரர், தபால்காரராகவும் பணிபுரிந்தவர். தாய் ஸ்காட்லாந்தின் வடபகுதியிலிருந்து வந்தவர், கேலிக் மொழி பேசியவர். ஆறு பிள்ளைகளுள் இவரே கடைக்குட்டி.

இருபது வயதை எட்டும் முன்னே தந்தையை இழந்தார். 1941இல் காசநோய் அவரைப் பற்றியது. படையில் சேர இயலவில்லை. நிலையான வேலைக்கும் வழியில்லை. கிர்க்வால் நகர மருத்துவமனையில் படுக்கையும், வீட்டில் அரசு உதவித்தொகையில் வாழ்வுமாக ஆண்டுகள் கழிந்தன. 1944 முதல் உள்ளூர்ச் செய்தித்தாளுக்கு எழுதினார். உழைக்காமல் உண்பவன் என்ற ஏச்சையும் கேட்டார். மதுவின் பிடியிலும் சிக்கினார். மனச்சோர்வு வாழ்நாளெல்லாம் அவரை விட்டு விலகவில்லை.

அவருக்கு வாசல் திறந்துவிட்டவர் எட்வின் மியூர். அவரும் ஆர்க்னியில் பிறந்த கவிஞரே. எடின்பரோவுக்கு அருகில், வயது வந்தோர்க்கென நடந்த நியூபேட்டில் கல்லூரியின் தலைவராக மியூர் இருந்தபோது, 1951இல் பிரவுன் அங்குச் சேர்ந்தார். 1954இல் வெளிவந்த பிரவுனின் முதல் தொகுப்பாகிய 'புயல்' நூலுக்கு முன்னுரை வழங்கியவரும் மியூரே. அடுத்த தொகுப்பாகிய 'அப்பங்களும் மீன்களும்' 1959இல் இலண்டனில் வெளியாயிற்று. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயின்று பட்டம் பெற்ற பிரவுன், பின்னர் இயேசு சபைக் கவிஞர் ஹாப்கின்ஸைப் பற்றிய மேற்படிப்பையும் மேற்கொண்டார். இவ்விரு படிப்புகளுக்கும் இடையில், 1961 டிசம்பர் 23ஆம் நாள் அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் ஏற்றுக்கொள்ளப்பட்டார். அதன்பின் பிறந்த ஊருக்கே திரும்பினார். நகராட்சி கட்டிய ஓர் எளிய வீட்டில், காலை உணவு முடிந்ததும் தட்டுகளை ஒதுக்கிவிட்டு, அதே சமையலறை மேசையில் பந்துமுனைப் பேனாவால் நாள்தோறும் எழுதினார். மணம் புரியவில்லை. 1996 ஏப்ரல் 13ஆம் நாள் மறைந்தார்.

இனி, வழக்குக்கு வருவோம்.

முதற் குற்றச்சாட்டு: இவர் ஒரு தீவுக்குள் முடங்கிய கவிஞர், உலகம் அறியாதவர், உழவன், மீனவன், நாடோடி என்று பழங்கதை பேசியவர் என்பது. இக்குற்றத்தைச் சுமத்துவோர் பெருநகரில் வாழ்வதையே உலக அறிவு என்று எண்ணுகிறார்கள். ஒன்றைக் கேட்போம். அவருடைய 'கிரீன்வோ' என்னும் புதினம் 1972இல் வெளிவந்தது. கற்பனைத் தீவு ஒன்றில், இரகசிய இராணுவத் திட்டத்துக்காக ஒரு சிற்றூர் முழுவதும் அழிக்கப்படுகிறது. மக்கள் வெளியேற்றப்படுகிறார்கள், வீடுகள் இடிக்கப்படுகின்றன, பின்னர் அத்திட்டமும் கைவிடப்படுகிறது. அந்நூல் வெளிவந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே ஸ்ட்ரோம்னஸின் அருகில் யுரேனியம் தோண்டும் பேச்சு எழுந்தது. அதனை எதிர்த்துத் தீவு மக்கள் போராடினார்கள். ஹாய் தீவில் குடியேறியிருந்த இசைமேதை பீட்டர் மேக்ஸ்வெல் டேவிஸ் அப்போராட்டத்துக்காக 1980இல் இசைநாடகம் ஒன்றையே அமைத்தார். பெருநகரங்கள் அன்று காணாததை ஒரு சிற்றூரின் சமையலறை மேசை கண்டது. இதைப் பழங்கதை என்பது எப்படிப் பொருந்தும்?

'வளர்ச்சி' என்பது இக்காலத்தின் புதிய மதம் என்று பிரவுன் கடிந்து எழுதினார். அக்கருத்தை நாம் முழுவதும் ஏற்கவில்லை என்பதையும் இங்குச் சொல்லவேண்டும். மருத்துவமனையும், அரசின் உதவித்தொகையும், நகராட்சி கட்டிய வீடும் இல்லாதிருந்தால் அவர் முப்பது வயதைத் தாண்டியிருப்பாரா? 1990இல் அபர்டீன் நகர அறுவை மருத்துவர்கள் குடற்புற்றுநோயிலிருந்து காப்பாற்றியிராவிட்டால், 1994இல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலுக்கு உயர்ந்த 'காலக்கடலின் அருகே' என்னும் நூல் பிறந்திருக்குமா? வளர்ச்சியின் கனியை உண்டவரே வளர்ச்சியைப் பழித்தார் என்று ஒருவர் சொன்னால், நாம் வாய் திறக்க இயலாது. ஆயினும், வளர்ச்சிக்கு அவர் சொன்ன மறுப்பு கருவிகளைப் பற்றியது அன்று, வழிபாட்டைப் பற்றியது. மனிதனுக்காக ஊர் என்றிருந்த நிலை மாறி, திட்டத்துக்காக மனிதன் என்றாகும்போது அங்கே ஒரு பொய்த் தெய்வம் எழுந்துவிடுகிறது. அதைச் சுட்டிக்காட்டும் உரிமை, வளர்ச்சியால் பிழைத்தவனுக்கும் உண்டு.

இரண்டாம் குற்றச்சாட்டு: சமயம் இவருடைய கவிதையைக் குறுக்கிவிட்டது, மதம் மாறியபின் ஒரே பொருளைத் திரும்பத் திரும்பப் பாடினார் என்பது. இதில் ஒரு பாதி உண்மை. ஏர், வலை, விதை, அப்பம், குளிர்காலம், ஏழு என்னும் எண் ஆகியன அவர் நூல்களில் மீண்டும் மீண்டும் வருகின்றன. சில இடங்களில் அவை வெறும் பழக்கமாகத் தேய்ந்துபோனதையும் மறைக்கத் தேவையில்லை. ஆனால், இச்சின்னங்கள் மதமாற்றத்தால் வந்தவை என்பது தவறு. 'அப்பங்களும் மீன்களும்' என்று அவர் தம் நூலுக்குப் பெயரிட்டது 1959இல். திருச்சபையில் சேர்ந்தது 1961இல். நோயுற்றுப் படுத்திருந்த இளைஞர் பல ஆண்டுகள் படித்தும் தயங்கியும் நடந்துவந்த பாதை அது. கோதுமை மணி மண்ணில் விழுந்து மடிவதைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமை, உழவர்களும் மீனவர்களும் வாழும் தீவில் பிறந்தவருக்கு வெளியிலிருந்து வந்த கோட்பாடாகத் தோன்றவில்லை. தம் ஊரின் அன்றாட வாழ்வுக்கே அது விளக்கமாக இருந்தது. சிலுவைப்பாதையின் 14 நிலைகளையும் உழவனின் ஓராண்டு உழைப்போடு இணைத்து அவர் பாடினார். நிலத்தைப் பிளக்கும் ஏர் முதல் அறுவடையும் அப்பமும் வரை அப்பாதை செல்கிறது. தவக்கால வெள்ளிதோறும் சிலுவைப்பாதை செய்துவரும் நம்முள் எத்தனை பேர், வயலில் நின்று அதை இவ்வாறு எண்ணிப் பார்த்திருக்கிறோம்? சமயம் அவருடைய கண்ணை மறைத்திருந்தால் இத்தகைய பார்வை பிறந்திருக்காது.

இப்போது நம் வீட்டுக்குள் வருவோம். நம்மவர் செய்யும் அநீதி எது?

பக்தியுள்ளவர்கள் இக்கவிஞரின் வரலாற்றைச் சொல்லும்போது மதுவையும் மனச்சோர்வையும் மெல்லத் துடைத்துவிடுகிறார்கள். ஞானம் பெற்றார், அமைதி அடைந்தார், அழகாகப் பாடினார் என்று முடித்துவிடுகிறார்கள். இது பொய். திருச்சபையில் சேர்ந்தபின்னும் அவர் குடித்தார், இருளில் தவித்தார். ஏன் மறைக்கவேண்டும்? அவரை நம் திருச்சபையின்பால் ஈர்த்த நூல்களுள் ஒன்று கிரஹாம் கிரீன் எழுதிய 'ஆற்றலும் மாட்சியும்'. துரத்தப்படும் ஒரு குரு, குடிகாரர், பலவகையில் தகுதியற்றவர், ஆயினும் இறுதிவரை தம் பணியைக் கைவிடாதவர். அக்குருவிடம் கண்ட உண்மையே பிரவுனைத் தொட்டது. பளபளக்கும் சுரூபம் அவரை அழைக்கவில்லை, காயப்பட்ட மனிதரே அழைத்தார். அவ்வாறு வந்தவரை நாம் சுரூபமாக்கிச் சாயம் பூசினால், அவர் நுழைந்த வாசலையே அடைத்துவிடுகிறோம் அன்றோ?

அவருடைய சிறுகதைகளுள் உயர்ந்ததாக நாம் கருதும் 'சீலியா'வை எடுத்துக்கொள்வோம். 1969இல் வந்த தொகுப்பில் உள்ளது. மதுவுக்கு அடிமையான ஓர் இளம்பெண். ஊர் அவளை இழிவாகப் பேசுகிறது. அவளுடைய வளர்ப்புத் தந்தை செருப்புத் தைப்பவர். உலகில் உயிர்கள் படும் துன்பத்தைத் தாங்க இயலாமல் தான் குடிப்பதாக அவள் தன் நெஞ்சைத் திறந்து கொட்டுகிறாள். அதை உட்கார்ந்து கேட்பவர் யார்? கத்தோலிக்கக் குரு அல்லர். பிரஸ்பிட்டேரியன் போதகர். அவரிடம் எளிதான விடையும் இல்லை. 'கிரீன்வோ' புதினத்திலும் மதுவில் மூழ்கிய ஒரு போதகர் வருகிறார். மகனின் வீழ்ச்சிக்குத் தானே காரணம் என்று எண்ணி, நாள்தோறும் தன்னையே மனநீதிமன்றத்தில் நிறுத்தி விசாரிக்கும் அவருடைய முதிய தாய், அந்நூலின் மறக்கவொண்ணாத பாத்திரம். தாம் பிறந்த சபையின் ஊழியரை இகழ்ந்து சிரிக்க இக்கவிஞருக்கு எத்தனையோ வாய்ப்பு இருந்தது. அவர் இகழவில்லை, இரங்கினார். தம்முடைய காயத்தையே அவர்களிடம் கண்டார்.

'நம்மிடம் வந்தவர்' என்று மார்தட்டுவோர் படிக்கவேண்டிய நூல் இன்னொன்று உண்டு. அது 1973இல் வெளியான 'மாக்னஸ்'. ஆர்க்னியின் புனிதராகிய மாக்னஸ், ஆட்சியைப் பகிர்ந்துகொண்டிருந்த தம் உறவினர் ஹாகோனின் ஆணைப்படி எகில்சே தீவில், ஏறத்தாழ 1117ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் கொல்லப்பட்டார். வாளெடுக்க வீரர் மறுத்ததால், சமையற்காரன் லிஃபோல்வ் அச்செயலுக்குக் கட்டாயப்படுத்தப்பட்டான் என்பது வரலாறு. அக்கொலைக் காட்சிக்கு வரும்போது பிரவுன் கதையைத் திடீரென்று இருபதாம் நூற்றாண்டுக்கு, நாசி வதைமுகாமுக்குக் கொண்டுசெல்கிறார். அங்கே கொல்லப்படுபவர் ஒரு லூத்தரன் போதகர். 1945 ஏப்ரல் 9ஆம் நாள் ஃப்ளோசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்ட டீட்ரிச் போன்ஹோஃபரே நம் நினைவுக்கு வருகிறார். சற்று எண்ணிப் பாருங்கள். கத்தோலிக்கப் புனிதர் ஒருவரைப் பற்றித் தாம் எழுதிய நூலின் உச்சியில், அப்புனிதரின் இடத்தில் லூத்தரன் போதகர் ஒருவரை நிறுத்துகிறார் இந்தக் கத்தோலிக்கக் கவிஞர். ஆண்டவரின் பலியில் பங்குபெறுவோரைச் சபைப் பதிவேட்டைக் கொண்டு அவர் பிரிக்கவில்லை. அவரையே பதிவேட்டில் ஓர் எண்ணிக்கையாகக் கூட்டிக்கொள்வது எவ்வளவு சிறுமை!

இங்கே ஒருவர் நம்மை மறிக்கலாம். "ஸ்காட்லாந்தில் 1560இல் நடந்த சபைப் புரட்சி, ஆர்க்னி மக்களின் முழுமையான வாழ்வைச் சிதைத்தது என்று பிரவுனே எழுதினார் அல்லவா?" என்பார். ஆம், எழுதினார். அவருடைய ஆசான் மியூரும் கால்வினின் போதனையைப் பற்றிக் கசப்போடு பாடியவரே. ஆனால், இவ்விடத்தில் நாம் கவிஞரோடு மாறுபடுகிறோம். அதற்கு முந்திய காலம் பொற்காலமாக இருந்ததென்றால் மாக்னஸைக் கொன்றவர் யார்? திருமுழுக்குப் பெற்ற உறவினர்! கொன்ற காலம் எது? உயிர்ப்புப் பெருவிழாவை ஒட்டிய நாள்கள்! தீவுகளை ஆண்ட கோமகன்கள் ஏழை உழவரைப் பிழிந்ததும் அந்த 'முழுமையான' காலத்தில்தான். பிரிவினையில் இரு தரப்பாரிடமும் குற்றம் இருந்தது என்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964ஆம் ஆண்டு கிறித்தவ ஒன்றிப்பு பற்றிய தன் விதித்தொகுப்பில் மனந்திறந்து ஏற்றுக்கொண்டது. குருமடத்தில் அதை மனப்பாடம் செய்த நாம், கோயில் முற்றத்தில் அதை மறந்துவிடக் கூடாது. கவிஞர் கண்ட கனவைக் கவிதையாகப் போற்றுவோம்; வரலாற்றுத் தீர்ப்பாக அதை ஏந்தி அண்டை வீட்டாரை அடிக்க வேண்டாம்.

இந்த வாதத்துக்கு முடிவுரை எழுதியது கவிஞரின் இறுதிச்சடங்கே. 1996 ஏப்ரல் 16ஆம் நாள் அது நடைபெற்றது. அது புனித மாக்னஸின் திருநாள். இடம் கிர்க்வாலில் உள்ள புனித மாக்னஸ் பேராலயம். கொலையுண்டவரின் மருமகன் ரோக்ன்வால்டு 1137இல் தொடங்கிய கோயில் அது. 1486இல் அது நகர மக்களின் உடைமையாக்கப்பட்டது. சபைப் புரட்சிக்குப்பின் அங்கு ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பிரஸ்பிட்டேரியன் வழிபாடு நடந்துவருகிறது. 1919இல் அதன் தூண் ஒன்றினுள் புனிதரின் எலும்புகள் என்று கருதப்படுபவை கண்டெடுக்கப்பட்டன. கத்தோலிக்கர் போற்றும் புனிதரின் கோயிலை நானூறு ஆண்டுகளுக்கு மேலாக இடியாமல் காத்துவந்தவர்கள், நாம் 'பிரிந்தவர்' என்று அழைக்கும் அம்மக்களே. அக்கோயிலின் கதவைத் திறந்து, தம் சபையிலிருந்து சென்ற கவிஞருக்குக் கத்தோலிக்கச் சடங்கோடு விடைகொடுக்க இடமளித்தவர்களும் அவர்களே. அங்கே மேக்ஸ்வெல் டேவிஸ், யுரேனியப் போராட்டத்துக்காகத் தாம் அமைத்த 'ஸ்ட்ரோம்னஸுக்குப் பிரியாவிடை' என்னும் பண்ணைப் பியானோவில் வாசித்தார்.

அன்று அக்கோயிலில் யார் வென்றார்கள்? யார் தோற்றார்கள்? இக்கேள்விக்கு அங்கே இடமில்லை. இழப்பு ஊருக்கு, நன்றி இறைவனுக்கு. அவ்வளவே.

நாம் யாரையும் பழிக்க இதை எழுதவில்லை. பட்டியல் போடும் பழக்கம் நம்மிடமும் இருந்தது. இளமையில் நாமும் பெரியோர் பெயர்களைச் சேர்த்து வைத்துப் பிற சபை நண்பர்களோடு வாதாடியிருக்கிறோம். வாதத்தில் வென்றிருக்கிறோம், நண்பர்களை இழந்திருக்கிறோம். அந்த நாள்களில் இக்கவிஞரின் ஒரு நூலையேனும் படித்திருந்தால், நா சற்றுக் கட்டுப்பட்டிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

பொதுநிலையினராகிய உங்களிடம் நாம் வேண்டுவது சிறிதே. ஓர் எழுத்தாளர் கத்தோலிக்கர் என்று கேள்வியுற்றால், உடனே மகிழவேண்டாம். அவருடைய நூலைத் தேடிப் படியுங்கள். அதில் உங்களைத் துன்புறுத்தும் பக்கங்கள் இருந்தால் அவற்றை மூடிவைக்காதீர்கள். அவர் குடித்தவர், தளர்ந்தவர், திருச்சபையிடம் கேள்வி கேட்டவர் என்றால் அதற்காக அவரை விலக்கவும் வேண்டாம், அதை மறைத்து அவரைத் தூக்கவும் வேண்டாம். உங்கள் பங்கிலேயே எழுதும் இளைஞர் ஒருவர் இருக்கக்கூடும். வேலை இல்லாதவர், நோயாளி, ஊரால் சோம்பேறி என்று ஏசப்படுபவர். அவரிடம் விழாவுக்கு வாழ்த்துப்பா மட்டும் கேட்காமல், அவர் உண்மையில் எழுதியிருப்பதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஸ்ட்ரோம்னஸில் அப்படி ஒருவர் இருந்தபோது, அவரை இனம் கண்டுகொள்ள ஒரு மியூர் இருந்தார். மியூர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர் என்பதையும் நினைவில் கொள்வோம்.

'கிரீன்வோ' புதினத்தின் இறுதியில், அழிந்த ஊருக்குச் சிலர் ஆண்டுகள் பல கழிந்தபின் திரும்பி வருகிறார்கள். வேலியிட்ட தீவுக்குள் பாறைமேல் ஏறி, இடிபாடுகளுக்கிடையே தங்கள் பழைய சடங்கைச் செய்கிறார்கள். விடியும் வேளையில் அங்கே அப்பம் பிட்கப்படுகிறது. நாளைக் காலைத் திருப்பலியில் அப்பம் பிட்கும்போது நாம் அவர்களை நினைப்போம். வென்றவர் தோற்றவர் என்ற கணக்கு அந்தக் கைகளிலும் இல்லை, அந்த அப்பத்திலும் இல்லை.